கைப்பேசிக்குள் ஒரு பாம்பன் பாலம்: கடற்கரைப் பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைக்க ஒரு வழிகாட்டி

இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் சோழியும் விற்கும் பையன்களைக் கவனித்திருப்பீர்கள். வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்களிடம் இந்தியில் விலை சொல்வார்கள், பேரம் பேசுவார்கள், நடுவில் கிண்டலும் அடிப்பார்கள். அந்த இந்தியை யாரும் அவர்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. எதிரில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது, சங்கு விற்றாக வேண்டும், அவ்வளவுதான். அதே பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறான். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் பிழையில்லாமல் மாற்றிவிடுவான். "நேற்று என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான்.

மண்டபம் ஊர்ப் பக்கம் சில வருடங்களாக மாலை வகுப்பு எடுக்கிறேன். அந்தச் சங்குக் கடைகளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலத்துக்கு நம் கரையில் அந்த யாத்ரீகர் இல்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு என்னிடம் எதற்கு ஆங்கிலத்தில் பேச வேண்டும்? ஆகவே, தெரியாத ஒருவரை, சொல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலையை, நாமே உண்டாக்க வேண்டும். மெய்நிகர் உலகத்தையும் வாட்ஸ்அப்பையும் நான் பயன்படுத்துவது இதற்கு மட்டுமே.

கைப்பேசி எந்த நாளில் யாரிடம்

செயலி எது என்று யோசிப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். வீட்டில் எத்தனை கைப்பேசி, பிள்ளை கைக்கு அது எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும், டேட்டா போடுவது யார். நம் பக்கத்தில் பல வீடுகளில் நல்ல கைப்பேசி அப்பாவுடையது. அவர் தொழிலுக்குப் போகும் நாளில் அது அவரோடு கடலுக்குப் போய்விடும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் முறை வைத்து நாள் பிரித்திருப்பதால், விசைப்படகு வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசி கிடைக்கும் நாளில் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் வீட்டில் கணக்கு இன்னும் வேறு. இதைக் கேட்காமல் "எல்லாரும் புதன்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, முதல் மாதம் பாதி வகுப்பை வெறும் கையோடு உட்காரவைத்தவள் நான்.

தொடங்குவதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கைப்பேசி வீட்டில் இருக்கும், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை. வீட்டில் பணம் இறுக்கமாக இருக்கும் காலமும் அதுதான் என்பதால், டேட்டா தின்னாத வழியாகத் தேட வேண்டும்.

எந்த உலகத்துக்குள் போவது

மெய்நிகர் உலகம் என்றால் விலையுயர்ந்த கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. திரையில் ஓர் இடம் இருக்க வேண்டும், அதில் நமக்கு ஓர் உருவம் இருக்க வேண்டும், அந்த உருவம் மற்றவர்களைச் சந்திக்க வேண்டும். இது போதும்.

2003இல் வந்த செகண்ட் லைஃப் என்ற உலகத்தில் மொழி ஆசிரியர்கள் வெகுகாலம் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வயதுக் கட்டுப்பாடு இடிக்கும், கணினியும் வலுவாக இருக்க வேண்டும். மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு 2016இல் வந்தது. பாடத்துக்கென்றே முன்கூட்டி அமைத்த பணிகள் அதில் உண்டு. உங்கள் பள்ளிக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கும் உரிமமும் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போலத் தனியாக, கையில் ஒரு பழைய மடிக்கணினியோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது லுவான்டி. முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். 2024இல் பெயர் மாற்றினார்கள். கட்டைகளை அடுக்கிக் கட்டும் உலகம், காசு இல்லை, விளம்பரம் இல்லை, ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஒரே அறைக்குள் விளையாட இணையமே வேண்டாம் என்பது.

அதை நிறுவும் முறை இது. மடிக்கணினியில் லுவான்டியை இறக்குங்கள். புதிதாக இறக்கினால் உள்ளே விளையாட்டு எதுவும் இருக்காது; விளையாட்டை ஓட்டும் வெறும் இயந்திரம்தான். இணையம் இருக்கும்போதே அதன் உள்ளடக்கப் பகுதிக்குப் போய் மைன்டெஸ்ட் கேம் என்பதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய உலகம் ஒன்றை உருவாக்கி, கட்டைகள் தீராமல் கிடைக்கும் கிரியேட்டிவ் மோடை இயக்கி, உருவத்துக்கு அடிபடவைக்கும் டேமேஜை அணைத்து, மற்றவர்களை உள்ளே வரவிடும் ஹோஸ்ட் சர்வரை இயக்கித் தொடங்குங்கள். சர்வரைப் பொதுப் பட்டியலில் அறிவிக்கும் விருப்பம் இருந்தால் அது அணைந்திருக்கட்டும், வெளியாள் வரவேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனியார் வலையமைப்புக்குக் கொடுங்கள். இதைக் கொடுக்காமல் ஒரு மாலை முழுவதும் ஏன் யாராலும் நுழைய முடியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர். மடிக்கணினியும் கைப்பேசிகளும் அதில் இணைந்தால் போதும், ரவுட்டருக்கு இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கைப்பேசியில் மடிக்கணினியின் ஐபி முகவரியும் 30000 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது. அரட்டையில் ஒருவன் குப்பை கொட்டினால் அவனுடைய ஷவுட் அனுமதியை எடுத்துவிடலாம், பேச்சு நின்றுவிடும். நான் இதுவரை இரண்டு முறைதான் எடுத்தேன்.

நான்கு கைப்பேசிதான் இருக்கிறதா? அதுவே நல்லது. ஒரு கைப்பேசிக்கு இருவர் என்று உட்காரவையுங்கள். விரல் ஒருவருடையது, வாய் மற்றவருடையது.

கணினியே இல்லை என்றால் கூகுள் எர்த்தோடு தொடங்குங்கள். தனுஷ்கோடி மணல்முனையை வானத்திலிருந்து பார்த்து "கோ ஈஸ்ட், ஸ்டாப், ஜூம் இன்" என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் நகர்த்துவதும் இந்த வகைதான்.

முகமூடியின் பலன்

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தார்: பயமும் கூச்சமும் ஒரு வடிகட்டி போல நடுவில் நின்று, காதில் விழும் மொழியை மனதுக்குள் போகவிடுவதில்லை. இந்தக் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அது வகுப்பில் கண்ணால் கண்ட காட்சி. ஒரு மாணவி நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. கட்டை உலகத்தில் தன் உருவத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். முதல் நாளே அரட்டையில் "வெயிட், டோன்ட் ஜம்ப்" என்று எழுதினாள். ஆகவே முதல் வகுப்பில் பாடமே வேண்டாம். ஆளுக்கொரு புனைபெயர், உருவத்துக்கு ஓர் உடை, நடக்கவும் கட்டை வைக்கவும் பழக்கம். முடிந்தது.

பாலம் கட்டுதல்

இனிதான் முக்கியமான வேலை. பிள்ளைகளை உலகத்துக்குள் விட்டால் தமிழில் கத்திக்கொண்டு வீடு கட்டுவார்கள். சந்தோஷமான விஷயம்தான், ஆனால் ஆங்கிலம் வராது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. மொழி ஒன்றுதான் நடுவில் பாலம். இந்த இடைவெளியை நீங்கள் திட்டமிட்டு வைக்க வேண்டும்.

நான் எப்போதும் பாம்பன் பாலத்தில் தொடங்குவேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கதவுகள் போல இருபக்கமும் விரிந்து திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மொத்தமாக மேலே ஏறும். இருவர் இருவராகப் பிரித்து ஒருவருக்குப் படத்தைக் கொடுங்கள். அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, சொல்ல மட்டும் செய்யலாம். மற்றவர் படத்தைப் பார்க்கக் கூடாது, கட்ட மட்டும் செய்யலாம். இருவரும் முதுகோடு முதுகு உட்கார வேண்டும். கையைக் காட்டிப் பேசும் வழி அடைபட்டால்தான் வாய் திறக்கும்.

அன்றைக்கு வேண்டிய சொற்களைப் பத்து நிமிடம் முன்னால் பலகையில் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். லெஃப்ட், ரைட், நெக்ஸ்ட் டு, பிட்வீன், ஆன் டாப் ஆஃப், ஒன் மோர், டேக் இட் அவே. இவற்றைவிட முக்கியமான மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன: "சே தட் அகெய்ன்", "டூ யூ மீன் திஸ் ஒன்?", "நோ, நாட் தேர்." பாடப்புத்தகம் இவற்றைச் சொல்லித்தருவதே இல்லை. பேச்சு நடுவில் அறுந்தால் முடிச்சுப் போடுவது இவைதான். வலை கிழிந்தால் பொத்தத் தெரிந்தவன்தானே கடலுக்குப் போவான்?

இருபத்தைந்து நிமிடம் கட்டட்டும். நீங்கள் திருத்தாதீர்கள். ஒரு நோட்டில் காதில் விழுந்த பிழைகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டிய பாலத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிரிப்பு வரும், காரணம் தேடுவார்கள். "ஐ செட் பிட்வீன், யூ ஹெர்ட் பிஹைண்ட்." இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள், மொழி படிவது இங்கேதான்.

அடுத்த வாரம் புதிய பாலம். "ஓபன்ஸ்" என்ற வினைக்குப் பதில் "கோஸ் அப்" வேண்டியிருக்கும். இரண்டும் முடிந்த பிறகு எது எப்படி வேறு என்று சொல்லச் சொல்லுங்கள். ஒப்பீட்டு இலக்கணம் தானாக உள்ளே வரும்.

தனுஷ்கோடியை எழுப்புதல்

பாலம் இரண்டு வாரப் பணி என்றால் இது ஒரு மாதப் பணி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்கு முன் தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது, தபால் நிலையம், தேவாலயம், கடைத்தெரு எல்லாம் இருந்தன. இன்று இடிந்த சுவர்கள். "இருந்தது, இப்போது இல்லை" என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் "யூஸ்டு டு" என்று ஓர் அமைப்பு உண்டு. பத்துப் பயிற்சித் தாளில் நிரப்பினாலும் பிள்ளைகளுக்கு ஒட்டாத அமைப்பு. தனுஷ்கோடியைச் சொல்லும்போது ஒட்டிக்கொள்கிறது.

முதல் வாரம் ஆங்கிலமே கிடையாது. வீட்டில், தெருவில் எண்பதைத் தொடும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் தமிழில் மூன்று கேள்வி கேட்டுவர வேண்டும்: எங்கே என்ன இருந்தது, அங்கே என்ன வாங்கினீர்கள், யார் யார் வந்துபோனார்கள்? அனுமதி தந்தால் குரலைப் பதிவு செய்யலாம். இரண்டாம் வாரம் கேட்டதை வைத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு வரைபடம். ஆச்சி சொன்னதும் தாத்தா சொன்னதும் ஒத்துப்போகாது. அந்தச் சண்டையை ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் ஆளுக்கொரு கட்டடம் கட்டுவார்கள். நான்காம் வாரம் வழிகாட்டி வேலை. பணியில் சேராத இன்னொரு குழுவை உள்ளே அழைத்து, "தேர் யூஸ்டு டு பி எ ஸ்டேஷன் ஹியர், பீப்புள் யூஸ்டு டு டேக் தி ஷிப்" என்று சுற்றிக்காட்ட வேண்டும். விருந்தினர் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போக முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். புயலை விளையாட்டாக்கி, கட்டியதைத் தண்ணீர் விட்டு அழிக்கலாம் என்று பையன்கள் கிளம்புவார்கள். நான் விடுவதில்லை. அந்த இரவில் ஆளை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம்.

இதே முறையில் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் செய்யலாம். தேசியப் பூங்காவின் கணக்கில் 21 தீவு. இரண்டு நீருக்குள் போய்விட்டன. ஒரு தீவில் சங்கை ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடிக்க ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகள் கேட்கவேண்டும். கேள்வி வாக்கியம் பழக இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், கச்சான், வாடை, கொண்டல் இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல என்ன பேரு?" எல்லாம் நம் கரையில் அடிக்கும் காற்றுகளின் பெயர்கள். திசையைச் சொல்லலாம், ஆனால் கச்சான் அடித்தால் எந்தக் கரையில் மீன் கிடைக்கும் என்பது திசைப்பெயரில் இல்லை. அப்படிப்பட்ட சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். "வாடை இஸ் எ விண்ட். வென் இட் கம்ஸ்..." என்று தொடங்கியவன் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசினான். விஷயம் அவனுடையது, அதனால்.

வாட்ஸ்அப்: குரல்தான், எழுத்து வேண்டாம்

எழுதச் சொன்னால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஒட்டிவிடுவார்கள். அதனால் என் வகுப்பில் குரல் பதிவு மட்டும். நாற்பத்தைந்து விநாடிக்கு மேல் கூடாது, எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, கடைசி வாக்கியம் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். கேள்வியில் முடித்தால்தான் அடுத்தவன் பதில் சொல்வான், இல்லாவிட்டால் தனித்தனிச் சொற்பொழிவாகக் கிடக்கும். "இன்றைக்குக் கரைக்கு என்ன மீன் வந்தது, என்ன விலை போனது" என்ற ஒரு தலைப்பே ஒரு மாதம் தாங்கும். அன்றாடம் மாறுவதால் பழைய பதிவைத் திருப்பி அனுப்ப முடியாது.

பிழையைக் குழுவில் திருத்தாதீர்கள். "மை ஃபாதர் கோ டு சீ யெஸ்டர்டே" என்று வந்தால், "ஓ, யுவர் ஃபாதர் வென்ட் யெஸ்டர்டே? வாட் டிட் ஹி கேட்ச்?" என்று பதில் போடுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், மானமும் போகாது. அடுத்த பதிவில் "ஹி காட்" என்று வந்தால் உங்களுக்குச் சம்பளம் கிடைத்த மாதிரி.

குழு தொடங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வீடுகளில் எண் அம்மாவுடையது. வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டு அம்மாவின் எண் முன்பின் தெரியாத ஆண்களின் கைப்பேசியில் போய் உட்காருவதை நம் ஊரில் யாரும் விரும்பமாட்டார்கள், விரும்பாததும் நியாயம். நான் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறேன். என் செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும், பதில் எனக்கு மட்டும் வரும், நல்ல பதிவுகளைப் பெயரில்லாமல் நான் மற்றவர்களுக்கு அனுப்புவேன். உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி சேரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பிள்ளைகளுக்கு ஆசை. 13 வயது நிறையாதவர்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே கிடையாது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாத எல்லாரையும் குழந்தையாகவே கணக்கிடுகிறது; அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே எதையாவது வெளியிடுவதாக இருந்தால் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், முகம் வேண்டாம். கட்டை உலகத்தின் திரைப்பதிவு, மேலே பிள்ளையின் குரல், இது போதும். மகள் முகம் இணையத்தில் வரக் கூடாது என்று முதலில் மறுத்த அப்பாக்கள் இதற்குச் சரி என்றார்கள்.

தமிழ் தெரியாத அந்த ஒருவர்

இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வெளியே ஆள் தேடுங்கள். வெள்ளைக்காரர் வேண்டும் என்று அலையாதீர்கள். அவர் பேசும் வேகத்தில் பிள்ளைகள் மறுபடி ஊமையாகிவிடுவார்கள். நம்மைப் போலவே ஆங்கிலம் கற்கும் அசாம், ஒடிசா, கேரளப் பிள்ளைகள் மேல். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் வழியாகவே போங்கள், முகம் தெரியாத குழுக்களில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். நம் கரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. கீழக்கரை, தொண்டி, தேவிப்பட்டினம் என்று எடுத்தால் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ உறவு இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டும். அங்கேயே வளர்ந்த மாமா பிள்ளை, சித்தி பிள்ளைகளில் பலர் தமிழில் திணறுவார்கள், ஆங்கிலத்தில் சரளம். வீட்டுக்குத் தெரிந்தவர்கள், பாதுகாப்பு. வாரத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினால் அவர்களும் ஊர் விஷயம் கேட்க ஆசைப்படுவார்கள்.

முன்னேற்றம் தெரிய

தேர்வு வைக்காதீர்கள். முதல் வாரக் குரல் பதிவைப் பத்திரமாக வைத்து, பத்தாவது வாரப் பதிவோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: எங்கே நின்றது, நின்ற பிறகு தானே எழுந்ததா, கேள்வி கேட்டதா? இலக்கணப் பிழை குறைய இன்னும் நாளாகும், அதற்காக மனம் விடவேண்டாம். என் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் கட்டிய தூணை இடித்துவிட்டான். வகுப்புக்குள் சண்டையும் ஆங்கிலத்தில்தான் என்பது விதி. "ஹூ புரோக் மை பில்லர்? யூ வேர் ஸ்டாண்டிங் தேர், ஐ சா யூ!" ஆறு வருடமாக இறந்தகாலம் எழுதிக் களைத்த பையன் அவன்.

ஒரு கடைசி வேலை. தடைக்காலம் முடிவதற்கு முந்திய வாரம் லுவான்டியின் வேர்ல்ட்ஸ் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஜூன் 15 விடியும்போது பாதிக் கைப்பேசிகள் கடலுக்குப் போயிருக்கும். மீதிக் கைப்பேசிகளுக்கு மும்மூன்று பேராக உட்காரும் புதிய பட்டியலை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.